ஷாலோம், வால்வு பன்னிரண்டு

சைரன் அலறியது.

டீக்கடை வாசலில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக ஓடிவந்தார்கள். எதிர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் முகமூடியைத் தூக்காமலே தெருவுக்கு வந்துவிட்டார். பேட்டை தொழிற்பேட்டையில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் அது தீயாகத்தான் இருக்கும்.

'ஆவுடை கன்ட்ரோல்ஸ்' ஷெட்டுக்குள்ளிருந்து மெக்கானிக் மணிராஜ் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! டெபோராக்கா பெட்டிய டெஸ்ட் பண்ணுதாவ. எல்லாரும் போங்க!"

"டெஸ்ட்டா? ஏலே, எனக்கு உயிரு போயி உயிரு வந்துருக்கு. முதல்லயே சொல்லித் தொலைய மாட்டியளா?" வெல்டர் திட்டிக்கொண்டே திரும்பினார்.

உள்ளே டெபோராவுக்கு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. சைரனை அணைத்துவிட்டு, கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பச்சை நிறத்தில் இரண்டு வரிகள். இரண்டும் எபிரேய எழுத்தில். அவளுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

ஆனால் அந்த இரண்டு வரிகளும் அவளால் அங்கே வந்தவை. அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது.

முதலாளி ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டியபடி பின்னால் வந்து நின்றார்.

"வந்துட்டாம்மா?"

"வந்துட்டு அண்ணாச்சி."

"சரியா இருக்கா?"

டெபோரா கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். பாளையங்கோட்டையில் அவள் போகும் தேவாலயத்தின் வாசல் வளைவு. மேலே பெரிதாகத் தமிழில் 'ஷாலோம்'. கீழே அதே சொல் எபிரேய எழுத்தில், எவர்சில்வரில் மின்னியது. இடது ஓரத்தில் முள்கரண்டி போல மூன்று முனை வைத்த எழுத்து. வலது ஓரத்தில் பெட்டி போலச் சதுரமான எழுத்து. நடுவில் இரண்டு.

பெட்டியைப் போட்டதும் அது வணக்கமாகச் சொல்லும் முதல் சொல்லும் 'ஷாலோம்'தான். திரையிலும் இடது ஓரத்தில் முள்கரண்டி, வலது ஓரத்தில் சதுரம்.

"அச்சு அசல் அண்ணாச்சி."

ஆவுடைநாயகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாமே எழுதியதைப் போலச் சிரித்தார்.

சிரிக்கக் காரணம் இருந்தது. அவருடைய பெட்டி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பெட்டி. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். குழாய் உடைந்தால் சைரன் அடித்து, எந்த வால்வு என்று சொல்லும். படம், பொத்தான் என்று எந்த அலங்காரமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் ஒரு வரியில் பதில் வரும். மணிமுத்தாறு பாசனத்தில் வாழை போட்டவர்கள் பலரிடம் இந்தப் பெட்டி தமிழ் பேசிக்கொண்டிருந்தது. தமிழ் பேச வைத்தவளும் டெபோராதான்.

வெளியூருக்கும் போனது. ஆனால் இன்னொரு கம்பெனியின் பெரிய பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, அவர்கள் பெயரில் போனது. இப்போது கலிலேயாப் பக்கத்தில் ஒரு மாதுளைத் தோட்டக் கூட்டுறவு நேரடியாகக் கேட்டிருந்தது. கிடைத்தால், பெட்டியின் நெற்றியில் 'பேட்டை, திருநெல்வேலி' என்று தகடு அடித்து அனுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. பம்பு அறையில் வேலை செய்பவர்கள் வாசிக்கிற மாதிரி பெட்டி எபிரேயத்தில் பேச வேண்டும். சொற்களை மொழிபெயர்த்து அவர்களே அனுப்பிவிட்டார்கள். திரையில் சரியாக வரவைப்பது இவர்கள் பாடு. முடியாவிட்டால் புனேயில் ஒரு கம்பெனி தயாராக நிற்கிறது.

எபிரேயம் வலமிருந்து இடமாக வாசிக்கும் மொழி என்று டெபோராவுக்குத் தெரியும். எந்த எழுத்து முதல் எழுத்து என்றுதான் தெரியாது. தேடினால் இணையத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஞாயிறுதோறும் எந்த வளைவுக்குக் கீழே நுழைகிறாளோ, அதில் அந்தச் சொல் எவர்சில்வரில் நிற்கும்போது யாராவது தேடுவார்களா?

அதுவும் அந்த வளைவு அவள் அம்மாவின் நினைவாக அப்பா செய்து கொடுத்தது.

* * *

மறுநாள் காணொளி அழைப்பில் நோவா வந்தாள். கூட்டுறவின் பொறியாளர். வெயிலில் காய்ந்த முகம், தலையில் தொப்பி. பம்பு அறையின் பழைய கணினியிலிருந்து இணையம் வழியாகப் பேட்டைப் பெட்டிக்குள் நுழைந்து, திரையைக் கேமராவில் காட்டினாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

பெட்டி 'ஷாலோம்' சொன்னது.

நோவா அந்தச் சொல்லின் மேல் விரலை இரு பக்கமும் ஓட்டிப் பார்த்தாள்.

"டெபோரா, இது பின்பக்கமாக இருக்கிறது."

"எது?"

"எல்லாமே. கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வாசிக்க வேண்டியிருக்கிறது. என் ஆட்களால் முடியாது."

டெபோராவுக்குக் காது சுட்டது. அண்ணாச்சி பக்கத்தில் இருக்கிறார். மணிராஜ் கதவோரம் நிற்கிறான். அவள் விடவில்லை. கைப்பேசியைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

"எங்கள் தேவாலயத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. பத்து வருடமாக."

நோவா தொப்பியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"அழகான வளைவு. ஆனால் அந்த மூன்று முனை எழுத்துதான் முதல் எழுத்து. அது வலது ஓரத்தில் நிற்க வேண்டும். சதுர எழுத்து சொல்லின் கடைசியில் மட்டும் வருவது. இடது ஓரத்தில் நிற்க வேண்டும். உங்கள் தேவாலயமும் உங்கள் பெட்டியும் ஒரே தப்பைச் செய்திருக்கின்றன!"

அழைப்பை முடிக்கும் முன் சொன்னாள்: "அடுத்த வாரம் எங்கள் கூட்டம். அதற்கு முன்னால் ஒரு முறை பார்க்கிறேன். அதற்கு மேல் என்னால் நிறுத்தி வைக்க முடியாது."

திரை அணைந்தது. ஆவுடைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, என் தப்பு."

"தப்பு கெடக்கட்டும். திருத்த முடியுமா, முடியாதா? அதச் சொல்லும்மா."

"முடியும்."

"பின்ன என்ன? மணி, அக்காவுக்கு ஒரு டீ சொல்லுலே. சீனி தூக்கலா."

* * *

அவள் அப்பா சுவிசேஷமுத்து, கூட்டுறவு வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தேவாலயக் கமிட்டியின் செயலாளர். வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் பேச்சு கனடாவுக்குப் போய்விடும். மகன் மெர்வின் அங்கே இருக்கிறான். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் குரல் இறங்கிவிடும்.

"பேட்டையில டப்பாக் கம்பெனியில இருக்கா."

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை பனிப்பொழிவைப் பற்றியதாக இருக்கும்.

அன்று மாலை டெபோரா காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அப்பா, வளைவுல அந்த எபிரேய எழுத்த எப்படி மாட்டுனீங்க?"

சுவிசேஷமுத்துவுக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை நான் அன்னைக்குப் பக்கத்துல நின்னேன் பிள்ளே. எழுத்து வெட்டிக் கொண்டாந்த கடைக்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? மாதிரித் தாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டப் போனான். தமிழ்ல 'ஷா' இருக்க இடத்துக்குக் கீழ 'ம்' எழுத்து நிக்கி! 'ம்'முக்குக் கீழ 'ஷா' நிக்கி! எறங்குலேன்னு சொல்லி, ஷாவுக்கு நேரா ஷா, ம்முக்கு நேரா ம்முன்னு நான்தான் மாத்த வச்சேன். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன ஓசைன்னு தாள்லயே போட்டிருந்துச்சுல்லா?"

டெபோரா கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்பா, கடைக்காரர் மாட்டுனதுதான் சரி."

"யாரு சொன்னா?"

"நோவான்னு ஒரு பொறியாளர். அவங்களுக்கு அது தாய்மொழி. அத வலப்பக்கம் இருந்துதான் வாசிக்கணும்."

"வலப்பக்கம் இருந்து வாசிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அது அவங்க ஊர்ல. இங்கன தமிழுக்குக் கீழல்லா நிக்கி? தமிழுக்குக் கீழ நின்னா தமிழ் மாதிரிதான் நிக்கணும்!"

"எழுத்துக்கு அப்படியெல்லாம் மரியாதை தெரியாதுப்பா."

"ஏட்டி, எனக்கே பாடம் சொல்லுதியா? பத்து வருசமா எத்தன பேராயர் அந்த வளைவு வழியா நுழைஞ்சிருக்காவ. ஒருத்தர் சொல்லல. டப்பாக் கம்பெனியில உக்காந்துகிட்டு நீ சொல்லுத!"

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். டம்ளரில் ஆடை படிந்தது.

டெபோராவுக்குக் கோபம் வந்தது. வளைவைப் பற்றி அல்ல. அந்த 'டப்பா' என்ற சொல்லைப் பற்றி.

* * *

திருத்துவது முதலில் சுலபமாகத்தான் தெரிந்தது. பட்டறையின் பழைய திரைக்கு எபிரேயமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். எந்த எழுத்து முதலில் வந்தாலும் இடது ஓரத்தில் வைக்கும். அதனால் வரியைத் திரைக்கு அனுப்பும் முன்பே டெபோரா திருப்பிப்போட்டாள். கடைசி எழுத்து முதலில், முதல் எழுத்து கடைசியில்.

ஷாலோமின் முள்கரண்டி வலது ஓரத்துக்குப் போனது. சதுரம் இடது ஓரத்துக்கு வந்தது.

"மணி, சைரனப் போடப் போறேன். வழக்கம்போல ஒரு வால்வுல கசிவு வை. எதுன்னு சொல்லாத. திரையப் பாத்து நான் சொல்லுதேன்."

ஷெட்டின் பின்பக்கம் சோதனைக்கென்று வரிசையாகக் குழாய் மாட்டிய சட்டம் ஒன்று இருந்தது. மணிராஜ் அங்கே போய் ஒரு வால்வைத் தளர்த்தினான். சைரன் அலறியது. இந்த முறை டீக்கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எபிரேயம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணை வாசிக்கலாம். டெபோரா வாசித்தாள்.

"இருபத்தொண்ணு! இருபத்தொண்ண மூடு!"

"அக்கா, நான் தளர்த்துனது பன்னெண்டுல்லா?"

"திரையில இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. மூடு!"

மணிராஜ் சொன்னபடி இருபத்தொன்றை மூடினான். மூட வேண்டியது அதுவல்ல. அழுத்தம் தாங்காமல் பன்னிரண்டு பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. கால் வழுக்கி, குழாயைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா! குற்றாலத்துக்குப் போவ லீவு கேட்டேன், தரல. இங்கனயே கூட்டியாந்துட்டியளே!"

டெபோரா ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தைத் திருப்பியபோது எண்ணும் சேர்ந்து திரும்பிவிட்டது. பன்னிரண்டு, இருபத்தொன்று ஆகிவிட்டது. நனைந்தது மணிராஜ் சட்டை என்பதால் போயிற்று. கலிலேயாவில் நடந்திருந்தால் ஒரு பக்கம் மாதுளை மூழ்கும், மறுபக்கம் காயும். ஓடிப்போய்த் தவறான வால்வைத் திருகிய மனிதன் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

மதியத்துக்குள் அதைச் சரிசெய்துவிட்டாள். எழுத்துகள் திரும்பும், எண்கள் உள்ளபடியே நிற்கும்.

பிறகு தன் புது மடிக்கணினியில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். திக்கென்றது. முள்கரண்டி மறுபடி இடது ஓரத்தில்!

கொஞ்ச நேரத்தில் காரணம் புரிந்தது. புதுக் கணினியின் திரைக்கு எபிரேயம் தெரியும். தானாகவே வலமிருந்து அடுக்குகிறது. அவள் ஒரு முறை திருப்பி அனுப்ப, அது இன்னொரு முறை திருப்பிவிட்டது.

பழைய திரைக்குத் திருப்ப வேண்டும். புதுத் திரைக்குத் திருப்பக் கூடாது. எதிரில் இருப்பது எந்தத் திரை என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? டெபோரா என்னென்னவோ முயன்றாள். ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு பதில் சொன்னது. சில திரைகள் பொய்யே சொல்லின. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். வளைவின் படம்தான் முதலில் வந்தது.

ஷாவுக்கு நேரா ஷா.

அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. நோவாவுக்குப் பார்த்த உடனே தப்பு என்று தெரிந்துவிட்டது. எந்தத் தேடலும் இல்லாமல், ஒரே பார்வையில்.

டெபோரா படக்கென்று எழுந்தாள்.

"அண்ணாச்சி! பெட்டி ஏன் ஊகிக்கணும்? வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்டயே கேட்டா என்ன?"

"புரியுத மாதிரி சொல்லும்மா."

"பெட்டியப் போட்ட உடனே 'ஷாலோம்' ரெண்டு தடவ வரும். ஒண்ணு திருப்பாம, ஒண்ணு திருப்பி. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு. எது சரியா இருக்கோ அந்த நம்பர அவங்க தட்டணும். அந்தத் திரைக்கு அதுதான் வழின்னு பெட்டி ஞாபகம் வச்சுக்கிடும். எந்தத் திரையானாலும் ஒண்ணு சரியாத்தான இருக்கும்?"

ஆவுடைநாயகம் யோசித்தார். பிறகு மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

"புனேக்காரனுக்கு இது தோணாதும்மா. அவன் ஊர்ல இப்படி ஒரு வளைவு இருக்காது!"

* * *

நோவா வரும் நாள். ஷெட்டே பெருக்கித் துடைத்துக் கிடந்தது. மணிராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. டெபோரா திரும்பிப் பார்த்தாள். அப்பா!

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்த ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை. கையில் ஒரு உறை. உள்ளே வளைவுத் திறப்பு விழாவின் பெரிய படம்.

"அந்தம்மா இன்னைக்கு வருதான்னு சொன்னியே. நானே கேக்கேன். நேருக்கு நேரா."

"அப்பா, இப்ப வேண்டாம். இது..."

"வாங்க, வாங்க, உக்காருங்க!" ஆவுடைநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். டெபோரா இல்லன்னா இந்த ஷெட்டு இல்ல வே, தெரியும்லா?"

சுவிசேஷமுத்து உட்கார்ந்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் நோவா திரையில் வந்துவிட்டாள்.

"பம்பு அறைக் கணினியில் தொடங்குகிறேன்" என்றாள். கேமரா அவளுடைய பழைய திரைக்குத் திரும்பியது.

பெட்டி விழித்தது. இரண்டு வரிகள் வந்தன.

முதல் வரியில் இடது ஓரத்தில் முள்கரண்டி, வலது ஓரத்தில் சதுரம். சுவிசேஷமுத்து அதைப் பார்த்ததும் முன்னால் சாய்ந்தார். அவருடைய வளைவு! அப்படியே! கை உறையைத் திறக்கப் போனது.

இரண்டாம் வரியில் எல்லாம் இடம் மாறி நின்றன.

நோவாவின் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இரண்டைத் தட்டியது.

சுவிசேஷமுத்துவின் கை உறை மேலேயே நின்றுவிட்டது.

"அருமை!" என்றாள் நோவா. "இப்போது என் மடிக்கணினி. இது புதுசு, தானாகத் திருப்பும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள்."

மறுபடி இரண்டு வரிகள். இந்தத் திரையில் முதல் வரியில் முள்கரண்டி வலது ஓரத்தில் நின்றது. நோவா ஒன்றைத் தட்டினாள். தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"என்னிடமே கேட்டுவிட்டீர்கள்! ஒரு குழந்தைகூடப் பதில் சொல்லும். ஏன் யாரும் இதைச் செய்யவில்லை? சரி, அலாரம்."

டெபோரா மணிராஜுக்குக் கண் காட்டினாள். அவன் பின்பக்கம் போய் எதையோ தளர்த்தினான். சைரன் அலறியது. சுவிசேஷமுத்து நாற்காலியில் துள்ளி விழுந்தார்.

நோவா திரையிலிருந்த எபிரேய வரியை உரக்க வாசித்தாள். அது ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"வால்வு பன்னிரண்டு. குழாய் உடைந்தது."

பின்பக்கத்திலிருந்து மணிராஜின் குரல் கூரையைப் பிளந்தது. "பன்னெண்டுதான்க்கா! பன்னெண்டேதான்!"

பழைய திரையிலும் ஒரு முறை. அங்கேயும் பன்னிரண்டு. சட்டை நனையவில்லை.

நோவா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். தகட்டில் என்ன பெயர் போடப் போகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எபிரேயத்தில் நான் எழுதித் தருகிறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "தயவுசெய்து, எழுத்தை யாரும் இடம் மாற்ற வேண்டாம்."

ஆவுடைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்கியதை மறைக்க அவருக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. டெபோரா நிமிர்ந்து நின்றாள். 'பேட்டை, திருநெல்வேலி' என்று மாதுளைத் தோட்டத்து நடுவில் ஒரு தகடு மின்னுவது அவள் கண்ணில் அப்போதே தெரிந்தது.

திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து டெபோரா பாடகர் குழுவோடு பின்னால் வந்தாள். வாசலில் கூட்டம். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வளைவின் மீது ஏணி சாய்த்திருந்தது. எழுத்து வெட்டிய கடைக்காரர் மேலே நின்று சதுர எழுத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே, வெள்ளைச் சட்டை கசங்க, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார் சுவிசேஷமுத்து. முள்கரண்டி எழுத்து அவர் கக்கத்தில் இருந்தது.

"ஒரு வேலைநாள்ல, ஆளில்லாத நேரம் பாத்து மாத்தியிருக்கலாமே" என்றார் குருவானவர் மெதுவாக.

"ஊருக்கு முன்னாலதான் மாட்டுனேன் ஐயா. ஊருக்கு முன்னாலதான் மாத்தணும்."

பொருளாளர் ஜெபகனிக்கு இப்படி ஒரு வாய்ப்பு வருடத்துக்கு ஒரு முறைகூடக் கிடைக்காது. மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன வே செயலாளரே! பத்து வருசமா சரியா இருந்தது இன்னைக்கு எப்படி வே தப்பாச்சு? இவ்வளவு பெரிய விசயத்த யாரு கண்டுபிடிச்சா? கனடாவுல இருந்து மெர்வின் சொன்னானோ?"

கூட்டம் சிரித்தது. டெபோரா அப்படியே நின்றுவிட்டாள்.

சுவிசேஷமுத்து ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தது. குரல் இறங்கவில்லை. தெருக்கோடி வரை கேட்டது.

"மெர்வின் இல்ல வே! எம் மவ டெபோரா, பேட்டையில டப்பாக் கம்பெனியில இருக்காள்லா, அவ கண்டுபிடிச்சா!"